‘நிலம்’ என்னும் சொல்லின் எடை

கோயம்புத்தூர், பொள்ளாச்சிப் பகுதிகளிலிருந்து எல்லை கடந்து, சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரங்களில் இடம் வாங்க விரும்பும் வாடிக்கையாளர்கள் கடன் விண்ணப்பத்துடன் நம்மை நாடுவதுண்டு. அவர்கள் கொண்டுவரும் கேரள வருவாய் ஆவணத்தில் நாம் முதலில் தேடுவது ‘நிலம்’ என்ற ஒரு சொல்லை. தமிழில் எந்த மண்ணுக்கும் பொருந்தும் இச்சொல், கேரள வருவாய்ப் பதிவேட்டில் நெல் விளையும் நன்செயை மட்டுமே குறிக்கும். வீடு கட்டத்தக்க மேட்டு மனைக்கு அங்கே ‘புரயிடம்’ என்று பெயர். இந்த வேறுபாட்டை அறியாமல் முன்பணம் கொடுத்துவிட்டு வருவோரிடம், அங்கே எளிதில் வீடு கட்ட இயலாது என்று சொல்வது நமக்கும் இனிய கடமையன்று.

அச்சொல்லுக்கு அத்தனை வலிமையைத் தந்தது, கேரளச் சட்டமன்றம் 2008-இல் இயற்றிய நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம். நிலமும் வேளாண்மையும் நம் அரசமைப்பில் மாநிலப் பட்டியலில் உள்ளவை. ஆகவே பருவநிலை பற்றி உலக மாநாடுகள் எத்தனை தீர்மானங்கள் நிறைவேற்றினாலும், ஒரு வயலை மண்கொட்டி மேடாக்கலாமா கூடாதா என்பதை முடிவு செய்யும் இடம் மாநிலச் சட்டமன்றமே. அமெரிக்காவில் நடுவண் அரசு தயங்கி நின்ற 2006-ஆம் ஆண்டில், கலிபோர்னியா மாநிலச் சட்டமன்றம் கரிம உமிழ்வைக் குறைக்கத் தனிச்சட்டம் கொண்டுவந்ததை இதனுடன் ஒப்பிடலாம்.

அச்சட்டம் வந்தபோது முதலமைச்சராக இருந்தவர், பாலக்காடு மாவட்டத்தின் மலம்புழைத் தொகுதியிலிருந்து தேர்வான வி. எஸ். அச்சுதானந்தன். 1997-இல், வயல்களை நிரப்பி வேறு பயிரிடுவதை எதிர்த்து விவசாயத் தொழிலாளர்கள் நடத்திய போராட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர். வளர்ந்து நின்ற பயிர்களை வெட்டிச் சாய்த்ததால் ‘வெட்டிநிரத்தல்’ என்று அப்போராட்டம் பெயர் பெற்றது, ஏளனத்துக்கும் ஆளானது. அதன் வழிமுறையை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் அன்று எழுந்த கேள்வி நியாயமானது. 1970-களின் நடுவில் 8 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த கேரளத்தின் நெற்பரப்பு, சட்டம் வந்த காலத்தில் சுமார் இரண்டேகால் லட்சம் ஹெக்டேராகச் சுருங்கியிருந்தது.

நெல்வயல் என்பது அரிசி தரும் இடம் மட்டுமன்று. மழைநீரைத் தேக்கி, மெல்ல மண்ணுக்குள் இறக்கிச் சுற்றுப்புறக் கிணறுகளை ஊறச் செய்வதும் அதுதான். நீர் நிற்கும் வயல் மீத்தேன் வளியையும் வெளியிடுகிறது என்பது உண்மையே. அதற்கு வேளாண் அறிஞர்கள் காட்டும் தீர்வு நீரை இடையிடையே வடித்துக் காயவிடுவதுதான், வயலையே அழிப்பதன்று. மலைத்தொடரின் இடைவெளி வழியே வறண்ட காற்று நுழையும் பாலக்காட்டில் கோடை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் ஆண்டுகள் உண்டு. அங்கே வயலின் ஈரம் எவ்வளவு தேவை என்பதை விளக்க வேண்டியதில்லை.

வேறு வீட்டுமனை இல்லாத வயல் உரிமையாளர் ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட், நகர்ப்பகுதியில் 5 சென்ட் வரை வீடு கட்ட அனுமதி பெற இச்சட்டம் வழி விட்டது. ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர், விவசாயிகள் அடங்கிய உள்ளூர்க் குழுவிடம் கண்காணிப்பை ஒப்படைத்தது. வயல்களைச் சர்வே எண் வாரியாகப் பதியும் ‘டேட்டா பேங்க்’ ஒன்றும் உருவானது. அதில் இடம் பெற்றுள்ளதா என்று பார்க்காமல் பாலக்காட்டில் எவரும் இடம் வாங்கக் கூடாது என்பது நம் உறுதியான கருத்து. 2018-இல் வந்த திருத்தம், பட்டியலில் சேராத பழைய மாற்றங்களைக் கட்டணம் செலுத்தி முறைப்படுத்த இடமளித்தது. சட்டத்தின் கூர்மை மழுங்கியது என்று அப்போது எழுந்த விமர்சனம் இன்றும் ஓயவில்லை.

தடுப்பது மட்டும் போதாதென்று உணர்ந்த அரசு, 2020-இல் வயலைக் காக்கும் உரிமையாளருக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ரூ. 2,000 வழங்கத் தொடங்கியது. தொகை சிறிதுதான். ஆயினும் நீரைத் தேக்கி வைப்பதும் ஒரு சேவையே, அதற்கு விலை உண்டு என்று அரசே ஏற்றுக்கொண்டதைக் கணக்குப் புத்தகத்தோடு வாழும் நம்மால் எளிதில் கடந்துபோக இயலவில்லை.

எல்லா முயற்சியும் கைகூடிவிடவில்லை. சித்தூர் வட்டத்துப் பிளாச்சிமடையில் குளிர்பான ஆலையால் நிலத்தடி நீரை இழந்தோருக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைக் கேரளச் சட்டமன்றம் 2011-இல் ஒருமனதாக நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காததால் அது சட்டமாகவில்லை.

தெற்கே இடுக்கியில், மக்கள் பிரதிநிதி ஒருவர் கொடுத்த விலை வேறு வகையானது. மேற்குத் தொடர்ச்சி மலையைக் காக்க மாதவ் காட்கில் குழு 2011-இல் அளித்த அறிக்கையை, அன்றைய இடுக்கி மக்களவை உறுப்பினர் பி. டி. தாமஸ் வெளிப்படையாக ஆதரித்தார். பட்டா கிடைக்காது, பயிர் செய்ய இயலாது என்று குடியேற்ற விவசாயிகள் அஞ்சினர். பட்டாவுக்காகப் பல்லாண்டு காத்திருந்தோரின் அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. எதிர்ப்பு முற்றி, உயிருடன் இருந்தவருக்கே பாடை கட்டி ஊர்வலம் நடந்தது. 2014-இல் காங்கிரஸ் அவருக்கு இடுக்கியில் மீண்டும் வாய்ப்பளிக்கவில்லை. 2016-இல் திருக்காக்கரையிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்வான அவர், தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளாமலே 2021 டிசம்பரில் மறைந்தார்.

இதற்கிடையே 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் பெருமழையால் மலை சரிந்தது. தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் உறங்கிக்கொண்டிருந்த 70 பேர் பலியாயினர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். 2024 கோடையிலோ அதே மாவட்டத்து ஏலத் தோட்டங்கள் மழையின்றிக் கருகின.

கடும் வெப்பத்தையும் வெப்பத் தாக்கத்தையும் மாநிலப் பேரிடராகக் கேரள அரசு 2019-இலேயே அறிவித்துள்ளது. பேரிடர் அறிவிக்கப்பட்ட பகுதியில் பயிர் இழந்தோர், ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகளுக்கு உட்பட்டுக் கடன் தவணையை மாற்றியமைக்கக் கோரலாம். இழப்புக்கான வருவாய்த்துறைச் சான்றுடன், தவணை நாள் கடக்கும் முன்பே கிளையை அணுகுவது நலம்.