மீண்டும் சைக்கிள் உழக்குவோம்

தோட்டக்காரனுக்குத் தேகாப்பியாசம் எதற்கு என்று எம்மைக் கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். விடியப்புறம் எழுந்து தண்ணீர் மாறி, பாத்தி கட்டி, புல்லுப் பிடுங்கி, வெங்காயத்தைச் சந்தைக்கு ஏற்றியவருக்கு வேறு பயிற்சி வேண்டியிருக்கவில்லை. ஆனால் காணி கைவிட்டுப் போனபோது அந்த வேலையும் கூடவே போய்விட்டது. உறவினர் வளவிலும் நலன்புரி நிலையத்திலும் இருந்துகொண்டு, இழந்த வீடு, கிணறு, மாடு, பலா எல்லாவற்றையும் கணக்கெடுத்தோம். உடம்பின் அசைவை இழந்ததை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. சோறு மட்டும் முந்திய அளவிலேயே நடந்தது.

அதன் விளைவை இப்போது கிளினிக் கொப்பிகளில் காண்கிறோம். இலங்கையில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சலரோகம் இருக்கிறது. காரணங்கள் பல, அசைவின்மை அவற்றில் ஒன்று. காணி நாளைக்கே கிடைத்தாலும் மண்வெட்டி பிடிக்க உடம்பு இடங்கொடுக்க வேண்டும் அல்லவா?

சாப்பாட்டிலிருந்து வரும் சீனி இரத்தத்தில் சேர்கிறது. அது தசைக்குள் போவதற்குச் சாதாரணமாக இன்சுலின் தேவை. ஆனால் வேலை செய்துகொண்டிருக்கும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே சீனியை இழுத்து எரித்துவிடும். உடம்பின் பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் உள்ளன. சைக்கிள் உழக்கும்போது உழைப்பவை இவையே. உடம்பின் பாரத்தைச் சீற் தாங்குவதால், முழங்கால் தேய்ந்தவர்களுக்கும் நடப்பதைவிட இது இலகு. ஆனால் இந்த நன்மை ஒரு நாள், கூடினால் இரண்டு நாள்தான் தங்கும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மட்டும் நெடுந்தூரம் ஓடுவதிலும், நாள்தோறும் கொஞ்சத் தூரம் ஓடுவது மேல்.

சைக்கிள் எமக்குப் புதிதல்ல. 1990 தொடக்கம் பெற்றோல் தடைப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில் பாறில் பிள்ளையும் கரியரில் மனைவியுமாக எத்தனை மைல் உழக்கினோம்! சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலியும் கேட்டோம். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்குப் போனபோது பலருடைய வீடு முழுவதும் ஒரு சைக்கிளில்தான் இருந்தது. அன்று உழக்க இடமிருக்கவில்லை, உருட்டிக்கொண்டே போனோம். பின்னர் பாதை திறந்தது, பெற்றோல் வந்தது, லீசிங்கில் மோட்டார் சைக்கிளும் வந்தது. சைக்கிள் கோடிக்குள் போனது. 2022 இல் எரிபொருள் வரிசையும் கியூஆர் முறையும் வந்தபோது அதே சைக்கிள் கறள் பிடித்தபடி வெளியே வந்தது. பெற்றோல் கிடைத்ததும் திரும்பவும் கோடிக்கே போனது.

இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். தேவைக்காகவே நாம் உழக்கினோம். உடம்புக்கு நல்லது என்று ஒருவரும் உழக்கவில்லை. ஆகவே பயிற்சிக்கென்று தனியாக நேரம் ஒதுக்குவதை நாம் அவ்வளவாக நம்பவில்லை. எப்படியும் செய்தாக வேண்டிய ஒரு வேலையோடு சைக்கிளைக் கட்டிவிடுங்கள். பால் கொடுக்கப் போவது, பாண் வாங்குவது, பேரப்பிள்ளையை ரியூசனுக்கு விடுவது, இவற்றில் ஒன்று போதும். அந்த ஒரு வேலைக்கு மோட்டார் சைக்கிள் திறப்பைத் தொடுவதில்லை என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். பிள்ளைகளே காவல் நிற்பார்கள். லண்டனில் செய்யப்பட்டு 2010 இல் வெளியான ஓர் ஆய்வில், புதிய பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாட்கள் எடுத்தன. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் கெடுக்கவில்லை. மழைக்கு ஒரு நாள் நின்றுவிட்டால் மறுநாள் போகலாம்.

முதல் வாரம் பத்து நிமிடம் போதும். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு ஆகக் குறைந்தது 150 நிமிடங்கள்; அதாவது நாளுக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். கதைக்க முடியும், பாட முடியாது என்ற அளவு வேகம் சரியானது.

கோடியில் கிடந்த சைக்கிளில் முதலில் பிரேக்கைப் பாருங்கள், பிறகு ரயரை. சீற்றைப் பதித்து வைப்பது எம்மவர் வழக்கம். கால் நிலத்தில் முட்டும்தான், ஆனால் முழங்கால் நோகும். பெடல் ஆகக் கீழே நிற்கும்போது அதில் குதிக்காலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுவே சரியான உயரம்.

பெண்களுக்கும் இது பொருந்தும். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போன எத்தனையோ பேர் கலியாணத்தோடு விட்டுவிட்டார்கள். ஊர் என்ன சொல்லும் என்ற எண்ணம்தான் எல்லாவற்றிலும் இறுக்கமான பிரேக். சேலைக்குச் செயின் கவர் பூட்டினால் போதும்.

சலரோகத்துக்கு மருந்து எடுப்பவர்கள் வெறுவயிற்றில் போக வேண்டாம். நடுக்கமும் வியர்வையும் வந்தால் உடனே வாயில் போடச் சட்டைப்பையில் நாலு ரொபி இருக்கட்டும். காலில் விறைப்பு உள்ளவருக்குக் காயம் பட்டாலும் தெரியாது. மூடிய சப்பாத்துப் போட்டு, வீடு வந்ததும் பாதத்தைப் பார்க்க வேண்டும். நெஞ்சு இறுக்கினால் இறங்கி இருந்து, தாமதியாமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இருதய வருத்தமும் கட்டுப்படாத பிரஷரும் உள்ளவர்கள் கிளினிக் வைத்தியரிடம் கேட்ட பிறகே தொடங்கலாம். விடியப்புறம் போகிறவர்கள் முன்னுக்கு விளக்கும், பின் மட்காட்டில் சிவப்புத் தெறிப்பானும் பூட்டிக்கொள்ளுங்கள்.