மற்றக் கண்

ஊவாவுக்கு வடகீழ்ப் பருவத்தில்தான் பெருமழை. பசறை, நமுனுகுல பக்கத்துத் தோட்டங்களில் ஒரு கான் அடைபட்டால் போதும். தண்ணீர் போக வழியில்லாமல் எதிர்த்து ஏறி, கரை வழிந்து தேயிலைக்குள் பாயும்.

விழித்திரை நாள அடைப்பும் ஏறக்குறைய இப்படித்தான். கண்ணுக்குள் நாடி இரத்தத்தைக் கொண்டுவருகிறது. நாளம் திருப்பி எடுத்துப்போகிறது. இரண்டும் ஒன்றையொன்று கடக்கும் இடங்களில் ஒரே உறைக்குள் நெருங்கிக் கிடக்கின்றன. வருஷக்கணக்கான பிரஷரில் நாடி தடித்து இறுகினால், மெல்லிய சுவருள்ள நாளம் நசுங்கி, அங்கே இரத்தம் உறையலாம். தேங்கிய இரத்தம் கசிய, விழித்திரை வீங்கும். வலி இருக்காது. நல்ல கண் பார்த்துக்கொண்டே இருப்பதால், தற்செயலாக அதைப் பொத்தும்போதுதான் சிலருக்கு மற்றது மங்கிப்போனதே தெரியவரும்.

அந்த 'நல்ல' கண் உண்மையில் எவ்வளவு நல்லது?

ஓசிடி ஆஞ்சியோகிராபி என்ற கருவி இந்தக் கேள்விக்குள் நுழைய வழிசெய்தது. 1961 முதல் கண்ணின் இரத்த ஓட்டத்தைப் படமெடுக்கக் கை நாளத்தில் சாயம் ஏற்ற வேண்டியிருந்தது. இந்தக் கருவிக்கு ஊசி வேண்டாம். ஒரே இடத்தை ஒளியால் மீண்டும் மீண்டும் படமெடுத்து ஒப்பிடும். இழையம் அசையாது, இரத்த அணு நகரும். அந்த வித்தியாசமே குழாய்களின் படமாகிவிடுகிறது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அகலம்கூட இல்லாத நுண்குழாய்களின் வலையும் அதில் தெரியும்.

அடைப்பு வராத கண்ணை இப்படிப் பார்த்த பல ஆய்வுகளில், நோயில்லாதவர் கண்ணைவிட அந்த வலை ஐதாக இருந்தது. பார்வையின் நடுமையத்தில் இயல்பாகவே குழாயில்லாத, ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் வட்டம் ஒன்று உண்டு. சில ஆய்வுகளில் அதுவும் விரிந்திருந்தது. ஆனால் எல்லா ஆய்வுகளும் ஒரே அளவைச் சொல்லவில்லை. ஐதாகிய வலை இருந்தால் அடுத்த அடைப்பு நிச்சயம் என்றும் அர்த்தமில்லை. எனக்கு இதில் பெரிய ஆச்சரியமும் இல்லை: இரண்டு கண்ணுக்கும் பிரஷர் ஒன்று, சீனி ஒன்று, கொழுப்பும் ஒன்று. ஒரே மலையின் மண்ணும் மழையும்தானே பக்கத்துக் கானுக்கும்!

இந்தக் கருவி எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்காது. தோட்டத்து டிஸ்பென்சரியில் பிரஷர் பார்க்கும் பட்டி இருக்கும். மங்கிய கண்ணோடு பதுளைக்குப் பஸ் ஏறி வருபவரின் இரண்டு கண்களிலும் மருந்து விட்டுப் பார்க்கும் டொக்டர், அடுத்து அவர் கையில் சுற்றச் சொல்வதும் அதே பட்டியைத்தான்.