ரவிவர்மாவுக்கு வெயில் ஆகாது!

உங்கள் தாத்தா வீட்டுக் கூடத்தில் ஒரு லட்சுமி படம் இருந்ததா? தாமரை மேல் நின்றபடி, பக்கத்தில் யானையோடு? வீட்டை இடித்தபோது அதை என்ன செய்தீர்கள்? 'யாரோ எடுத்துட்டுப் போனாங்க சார்' என்பவர்கள் இத்துடன் நிறுத்திக் கொள்ளலாம். மேலே படித்தால் வயிறு எரியும்.

அந்த 'யாரோ'க்கள் எடுத்துப் போன சாமான்கள் போய்ச் சேருகிற இடங்களில் ஒன்று, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு. வரிசையாகப் பழம்பொருள் கடைகள். எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, மரத் தூண், நடுவே பழைய சாமி படங்கள்.

விருத்தாசலத்தில் பல்லவன் எக்ஸ்பிரஸைப் பிடித்து நண்பர் ஒருவருடன் அங்கே போனேன். அவர் விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் கேரியர் செய்து கொண்டிருந்தவர். வீட்டுக்கு வீடு எம்.சி.பி. வந்ததும் அதற்கு மவுசு குறைந்துவிட்டது. இப்போது மனைவியின் நகையை அடகு வைத்துப் பழைய படக் கடை போடப் போகிறார்.

"ரோட்டைப் பார்த்து முழுக் கண்ணாடி, உள்ளே வரிசையா ஃபோகஸ் லைட்டு. கடை ஜொலிக்கும்ல?" என்றார்.

ஜொலிக்கும். சரக்கு வெளுக்கும். நான் பி.காம். எனக்கு இதன் பெயர் தேய்மானம்.

ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். பிறகு அது லோனாவாலா பக்கத்தில் மலவ்லிக்குப் போனது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல். ஒரே தாள் ஒவ்வொரு கல்லிலும் ஏறி இறங்கி, கடைசியில் வார்னிஷ் பூசிக்கொண்டு வரும். 1972-ல் அச்சகம் தீயில் போயிற்று. ஆக, புது ஸ்டாக் கிடையாது. இருப்பதைக் காப்பாற்றுவதுதான் வியாபாரம்.

எனவே, கடையை இப்படி அமையுங்கள் என்றேன்:

வெயில் நேரே விழும் சுவரில் படம் கூடாது. மியூசியங்களில் காகிதச் சித்திரங்களுக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் கணக்கு. நம்ம ஊர் மத்தியான வெயில் அதைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல். வெளிச்சத்தை வாடிக்கையாளர் நடக்கும் பாதையில் வையுங்கள், படத்துக்கு மங்கலாக.

ஈரம் ஏறும் சுவரில் ஒட்டி மாட்டாதீர்கள். பின்னால் சிறு கட்டை வைத்துக் காற்றுக்கு வழி விடுங்கள்.

கண்ணாடியும் படமும் தொடக்கூடாது. நடுவில் அட்டை விளிம்பு வேண்டும். இல்லாவிட்டால் ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் லட்சுமியின் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். பின்பக்கம் ப்ளைவுட்டும் ஆகாது. அதன் அமிலம் காகிதத்தைப் பழுப்பாக்கும். ராமபாணப் பூச்சிக்கு ராமர் படம் என்ற பாகுபாடெல்லாம் கிடையாது. மாதம் ஒரு தடவை இறக்கித் துடைக்க வேண்டும்.

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடி கட்டாயம். இப்போதைய ஆஃப்செட் நகலில் புள்ளிகள் ஸ்கூல் பிரேயர் போல வரிசையாக நிற்கும். கல் அச்சில் சந்தைக் கூட்டம் மாதிரி ஒழுங்கில்லாமல் இருக்கும். வாங்க வருகிறவரே பார்த்துக்கொள்ளட்டும். நகல் விற்பது தப்பில்லை. நகலை அசல் என்று விற்பதுதான் தப்பு. அதற்குத் தனிச் சுவர் ஒதுக்கி, 'நகல்' என்று எழுதிப் போடுங்கள்.

"அலங்காரத்துக்கு ஒண்ணுமே வேண்டாமா?" என்றார் பாவமாக.

வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர், படத்துக்குப் படம் ஒரு முழம் இடைவெளி. போதாதென்றால் உங்கள் விற்காத பீங்கான் சாமான் மூட்டையைப் பிரியுங்கள். அந்தக் காலத்து வீடு மாதிரி சுவரின் மேலேயே வயர் ஓட்டி, பீங்கான் ஃபியூஸ் கேரியரும் ஹோல்டரும் மாட்டுங்கள். எம்.சி.பி. உள்ளே ஒளிந்து நின்று காவல் காக்கட்டும்.

நண்பர் முழுக் கண்ணாடி ஆர்டரை ரத்து செய்துவிட்டார். மிச்சமான பணத்தில் ஒரு ஜோடி வளையல் மீண்டு வந்திருக்கிறது. கடைத் திறப்பு விழாவுக்கு முன்பே முதல் லாபம், அவர் மனைவி பெயரில்!