காலிமுகத்திடற் கல்

மன்றம் என்பது பழந்தமிழ்ச் சொல். ஊர் நடுவே மரநிழலில் எல்லோரும் கூடும் வெளி மன்றம். பொதியில் என்பதும் அத்தகைய பொது இடமே. தனக்கென்று இருப்பது இல்லம். எல்லோருக்குமென்று இருப்பது மன்றம். இவ்விரண்டில் ஒன்று இல்லையெனினும் ஊர் ஊராகாது. கொழும்பு மாநகருக்கு மன்றம் யாது என்று வினவினால், காலிமுகத்திடல் என்று தயங்காது விடை கூறலாம்.

காலி என்னும் ஊரை நோக்கிய திடல் ஆதலின் அது காலிமுகத்திடல். 'காலி' என்பதற்கு வெறுமை என்று பொருள் கொண்டு நகையாடுவாரும் உளர். அந்த நகையிலும் ஓர் உண்மை இருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் கோட்டைப் பீரங்கிகளுக்கு முன்னே தடையற்ற வெளி வேண்டியிருந்தது. ஆதலால் அவ்விடம் வெறுமையாக விடப்பட்டது. பகைவரைச் சுடுவதற்கென வைத்த நிலம் பின்னாளிற் பட்டம் விடும் நிலமாயிற்று.

ஆங்கிலேயர் அங்கே குதிரைப் பந்தயம் நடத்தினர். ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் கடலோரமாக ஓர் உலாப்பாதை அமைக்கத் தொடங்கி, 1859இல் நிறைவேற்றினார். மறுவருடம் சென்னைக்கு ஆளுநராகச் சென்றவர், அவ்வருடமே வாந்திபேதியால் அங்கே காலமானார். தாம் அமைத்த பாதையில் நெடுநாள் உலாவ அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆயினும் அவர் பெயரால் ஒரு கல் நிற்கிறது. கொழும்பிலுள்ள சீமாட்டியர், சிறுவர் ஆகியோரின் நலங்கருதி, தமக்குப் பின் வருவோரிடம் இப்பாதையை அவர் ஒப்புவிப்பதாக அக்கல் கூறும்.

வார்ட் துரை வெள்ளைக்காரச் சீமாட்டியரையே மனத்துட் கொண்டிருத்தல் கூடும். ஆனால், எழுதிய சொல் எழுதியவரின் கருத்தைக் கடந்தும் பொருள் தரும். இன்று அச்சொல்லை மெய்யாக்குவோர், பேருந்தில் வந்திறங்கும் எளிய குடும்பத்தாரே.

சென்ற பாடசாலை விடுமுறையில் யான் மனைவி, மகள், பேத்தி ஆகியோரோடு அங்கே சென்றிருந்தேன். தள்ளுவண்டிகளில் இறால் வடை பொரிந்துகொண்டிருந்தது. மிளகாய்த்தூள் தூவிய அன்னாசித் துண்டுக்காக ஒரு முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகள் காத்து நின்றனர். பேத்தியின் பட்டம் தலைகீழாக விழுந்தபோது, ஒரு சிங்களச் சிறுவன் ஓடிவந்து வாலை நீட்டிக் கட்டிக்கொடுத்தான். அவன் மொழி இவளுக்குத் தெரியாது. இவள் மொழி அவனுக்குத் தெரியாது. பட்டம் ஏறிற்று.

கல்லிலுள்ளதை யான் விளக்கியபோது பேத்தி கேட்டாள்: "அம்மப்பா, அப்ப இது எங்கட இடமோ?"

"ஓம் பிள்ளை, எல்லாற்றையும் இடம்."

வடபுறத்திலே தூண்கள் நிரைத்த கட்டடத்தைச் சுட்டி, "அப்ப அது ஆற்றை வீடு?" என்றாள்.

அது 1930இல் திறக்கப்பட்ட பழைய பாராளுமன்றம். அதைச் சொன்னால் 1956ஐயும் சொல்ல வேண்டும். மகள் என் கருத்தை உணர்ந்து, "அப்பா, இண்டைக்கு இதெல்லாம் வேணுமே?" என்றாள். மனைவியோ, "கேட்ட பிள்ளைக்குச் சொல்லத்தானே வேணும்" என்றாள். யான் சொன்னேன்.

1956ஆம் ஆண்டு யூன் 5ஆம் திகதி, சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கும் சட்டமூலம் அந்த அவைக்கு வந்தது. செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் இப்புல்லிலே அறவழியில் அமர்ந்தனர். கும்பல்கள் அவர்களைத் தாக்கின. அமிர்தலிங்கம் தலைக்காயத்திற்குக் கட்டுப் போட்டுக்கொண்டு அவைக்குட் சென்றார்.

"அவை இருந்த இடம் எது?" என்றாள் பேத்தி.

ஆளுநருக்குக் கல் உண்டு. சட்டத்தைக் கொணர்ந்த பிரதமர் பண்டாரநாயக்காவுக்கு நெடிய சிலை உண்டு. அடிபட்டவர்களைக் கூறும் கல் எதனையும் யான் அங்கே கண்டிலேன். புல்லைத்தான் காட்டினேன்.

அதே புல்லிலே 2022 ஏப்பிரல் 9ஆம் திகதி முதல் இளைஞர் கூடாரமடித்து அரசை எதிர்த்தனர். மே 9ஆம் திகதி அவர்களும் தாக்கப்பட்டனர். மே 18ஆம் திகதி முள்ளிவாய்க்காலில் மாண்டோரை நினைந்து அங்கே கஞ்சி வார்த்தனர். சிங்கள இளைஞரும் அதிற் கலந்துகொண்டனர். யூலை 22ஆம் திகதி விடியுமுன் படையினர் அவர்களை அகற்றினர். அக்கஞ்சி பழைய கணக்கைத் தீர்த்துவிட்டது என்று கூறுதல் மிகை. அது நிகழவில்லை என்பதுபோல் மறைத்தலும் தவறு. இரண்டையும் சொன்னேன்.

அன்றைய மகிழ்ச்சி இதனாற் குறைந்ததா? குறையவில்லை. சற்று நேரம் பேசாதிருந்த பிள்ளை, மீண்டும் பட்டத்தை எடுத்துக்கொண்டு அச்சிறுவனிடமே ஓடினாள். பிள்ளைகள் உண்மையைத் தாங்க வல்லவர்; தாங்கமாட்டார் என்று அஞ்சுவோர் பெரியோரே.

பிள்ளைகளை உலாவுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கு ஒன்று கூறுவேன். கல்லில் உள்ளதை வாசித்துக் காட்டுங்கள். கல்லில் இல்லாததையும் சொல்லுங்கள். திடல் பிள்ளைகளுக்கென்று ஒப்புவிக்கப்பட்டதாயின், அதன் கதையும் அவர்களுக்கு உரியதே.