தலைக்கிறக்கமும் ஒற்றைத் தலைவலியும்

நாஞ்சில் நாட்டில் தலை கிறங்கினால், பித்தமென்று சுக்கு நீர் அருந்தி அமைதியுறுவோர் பலர். பனையேறுவோனுக்கோ அக்கிறக்கம் உயிரையே போக்கிவிடும். ஒற்றைத் தலைவலி, சில வேளை வலியின்றியே, கிறக்கமாய்த் தோன்றுவதுண்டு. 2012ஆம் ஆண்டில் பாரானி சங்கமும் சர்வதேசத் தலைவலிச் சங்கமும் கூடி இந்நோய்க்கு இலக்கணம் வகுத்தன. 5 நிமிடம் முதல் 72 மணி நேரம் வரை ஒருமுறை நீடிக்கலாம் என்றன.

கிறக்கத்தை அடக்கும் மாத்திரை அவ்வேளைக்கே உரியது. நாடோறும் உண்டால், மூளை சமநிலையை மீட்டுக்கொள்வது தாமதமாகும். அடிக்கடி வருமாயின் புரொப்பிரனலால், புளூனரிசின் முதலிய தடுப்பு மருந்துகளை மருத்துவர் கொடுப்பர். அவற்றின் பயன் தெரியச் சில வாரங்கள் பொறுத்தல் வேண்டும். ஆஸ்துமா உடையோர்க்குப் புரொப்பிரனலால் ஆகாது. ஆதலின் பிறர் மருந்தை நாம் வாங்கி உண்ணலாகாது. கிறக்கத்தோடு நாக்குளறலோ கைகால் தளர்ச்சியோ காணின், கணமும் தாழாது மருத்துவமனை செல்வோமாக.