பழைய நகையை உருக்கினால் எது குறைகிறது?

பாட்டியின் 5 பவுன் அட்டிகையைக் கொடுத்து ஆரம் செய்யச் சொன்னால், கணக்கில் நிற்பது நாலரைப் பவுன்தான் என்பார்கள். மீதி எங்கே போனது?

நெருப்பு அதைத் தின்னவில்லை. தங்கம் 1,064 டிகிரி செல்சியஸில் உருகும். கொதிப்பதற்கோ 2,800 டிகிரிக்கு மேல் வேண்டும். பட்டறை உலை அந்தச் சூட்டை நெருங்குவதே இல்லை. எனவே தங்கம் ஆவியாகிக் குறைவதில்லை.

விடை நகை கட்டப்பட்ட விதத்தில் இருக்கிறது. கல் பதித்த நகையின் உட்கூட்டில் அரக்கு இருக்கும். இடுக்குகளில் பல வருட எண்ணெய்ப்பிசுக்கு சேர்ந்திருக்கும். இவை முதலில் கழிந்துவிடும். அடுத்தது பற்று. துண்டுகளை இணைக்க ஆசாரி வைக்கும் பொடி, நகையைவிடக் குறைந்த சூட்டில் உருகியாக வேண்டும். இல்லையென்றால் நகையே உருகிவிடும். அதற்காகப் பொடியில் மற்ற உலோகங்களைக் கூடுதலாகக் கலப்பார்கள். நுணுக்க வேலை கூடக் கூடப் பற்றும் கூடும். உருக்கும் கிண்ணமான மூசையில் வெண்காரம் தூவி உருக்கும்போது, அந்தக் கலப்பு கட்டி முழுவதும் பரவித் தங்கத்தின் மாற்றை, அதாவது தரத்தை, குறைத்துவிடுகிறது.

ஒரு கணக்கு பார்ப்போம். அரக்கும் கல்லும் நீக்கிய 40 கிராம் (5 பவுன்) நகை, உருக்கிய பின் 20 காரட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் சுத்தத் தங்கம் 33.3 கிராம். 22 காரட் நகையாக்கினால் 36.4 கிராம், அதாவது சுமார் நாலரைப் பவுன். நீங்கியது செம்பும் வெள்ளியும்தான். கலப்பை நீக்காமல் சுத்தத் தங்கம் சேர்த்தே 22 காரட்டுக்கு உயர்த்த நினைத்தால், இன்னொரு 40 கிராம் சேர்க்க வேண்டியிருக்கும்!

கலப்பை நீக்கும் முறை வியப்பானது. தங்கம் கால் பங்காகும் அளவுக்கு முதலில் வெள்ளியைச் சேர்த்து உருக்குவார்கள். பிறகு நைட்ரிக் அமிலத்தில் இட்டுக் காய்ச்சினால் வெள்ளியும் செம்பும் கரைந்துபோகும். அடியில் பழுப்பு நிறத்தில் தங்கம் தங்கும். அதைக் கழுவி உருக்கினால் மஞ்சள் பளபளப்பு திரும்பிவிடும். பிறகு பன்னிரண்டில் ஒரு பங்கு செம்பும் வெள்ளியும் சேர்த்தால் 916 தங்கம், அதாவது 22 காரட், தயார். அதைக் கம்பியாக இழுத்து, தகடாக அடித்துப் புது நகை செய்வார்கள்.

நகையைக் கொடுக்குமுன் முத்தையும் பவளத்தையும் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். அவை தீ தாங்காது. எடையை உங்கள் கண்முன் போடச் சொல்லுங்கள். தரம் காட்டும் எக்ஸ் கதிர்க் கருவி மேற்பரப்பைத்தான் படிக்கும். ஆகவே நகையை மட்டும் வைத்துப் பார்த்தால் போதாது, உருக்கிய கட்டியையும் சோதிக்கச் சொல்லுங்கள். செய்கூலி, சேதாரத்தை எழுத்தில் வாங்குங்கள். புது நகையில் ஹால்மார்க்கும் ஆறிலக்க அடையாள எண்ணும் இருந்தால், அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம்.

இவற்றையெல்லாம்விட முக்கியமானது ஒன்று. உருக்கிய தங்கத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மீட்கலாம். கையால் செய்த நகாசு வேலையை ஒரு முறைகூட மீட்க முடியாது. கொக்கி மாற்றினாலோ கல்லை இறுக்கினாலோ அணியக்கூடிய நகை என்றால், தயவுசெய்து அதை உருக்காதீர்கள்.