காயலான் கடைக்கு வந்த கோபால்ட்

பழைய இரும்பு, ஈயம், பித்தளை என்ற குரல் கீழ்பென்னாத்தூர் தெருக்களுக்கும் பழக்கமானதுதான். ஒரு காலத்தில் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். இப்போது எடை போட்டுக் காசு தருகிறார்கள். வாங்கிய சாமான் காயலான் கடையில் உடைபட்டு, தரம் பிரிக்கப்பட்டு, உருக்காலைக்கு லாரி ஏறுகிறது. கதிர்வீச்சு என்றதும் நம் நினைவு கல்பாக்கம், கூடங்குளம் அணுமின் நிலையங்களுக்குத்தான் ஓடுகிறது, காயலான் கடைக்கு அல்ல. இந்தியாவில் ஓர் உயிரைப் பறித்த விபத்து நடந்ததோ இப்படியொரு கடையில்.

டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறை 1968-ல் கனடாவிலிருந்து ஆய்வுக்காக ஒரு காமா கதிர்க் கருவியை வாங்கியது. 1985-க்குப் பிறகு அதை யாரும் தொடவில்லை. 2010 பிப்ரவரியில் பழைய சாமான்களோடு அதுவும் ஏலம் போனது. டெல்லியின் மாயாபுரி பகுதிக் காயலான் கடைக்காரர்கள் அதை உடைத்தார்கள். உள்ளே இருந்த கதிரியக்கக் கோபால்ட்-60 துண்டுகள் வெளியே வந்தன. ஒருவர் ஒரு சிறு துண்டைப் பணப்பையில் வைத்துக்கொண்டார். சில நாட்களில் வாந்தி, முடி உதிர்வு, கருத்துப்போன தோல். ஏப்ரல் 26 அன்று ஒரு தொழிலாளி இறந்தார்.

கோபால்ட்-60 சுமார் 5.27 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 42 ஆண்டுகளில் ஏறக்குறைய 250-ல் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். அந்த மிச்சமே ஆளைக் கொன்றது.

கதிரைத் தடுக்க எடை மிகுந்த ஈயக் கவசம் வேண்டும். காயலான் கடையில் விலைபோவதும் அதே ஈயம்தான். அதனால்தான் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஆபத்து அதிகம். 1987-ல் பிரேசிலின் கோயானியாவில் கைவிடப்பட்ட மருத்துவமனையிலிருந்து எடுத்த சீசியம்-137 கருவியையும் இப்படித்தான் உடைத்தார்கள். இருட்டில் நீலமாக மின்னிய தூளை உறவினர்களுக்குப் பகிர்ந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள்.

எக்ஸ்ரே எடுத்துக்கொள்ள இதை நினைத்து அஞ்ச வேண்டாம். எக்ஸ்ரே கருவியில் மின்சாரத்தை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். கோபால்ட், இரிடியம் போன்ற கதிர் மூலங்களுக்கு அப்படி ஒரு சுவிட்ச் கிடையாது. கொதிகலனின் பற்றவைப்பு இணைப்புகளைச் சோதிக்கும் தொழிலாளர்கள் இரிடியம்-192-ஐ நீண்ட கேபிளால் தள்ளி நின்று இயக்குவார்கள். தொலைவு இரு மடங்கானால் கதிரின் தாக்கம் கால் பங்காகும். அருகில் நிற்கும் நேரத்தைக் குறைப்பது அடுத்த காப்பு. பணப்பையில் துண்டை வைத்திருந்தவருக்கு நேரம், தொலைவு, கவசம் மூன்றுமே கைகொடுக்கவில்லை.

அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. காலாவதியான மூலத்தை விற்றவரிடமே திருப்பி அனுப்புவதோ, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியோடு ஒப்படைப்பதோ வைத்திருந்த நிறுவனத்தின் கடமை. ஆனால் கடைசியில் சுத்தியல் தூக்குபவருக்கும் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்: மஞ்சள் பின்னணியில், நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி மின்விசிறி இறக்கைபோல மூன்று பட்டைகள். அது இருந்தாலோ, சிறிய பொருள் ஈயக் கூட்டுக்குள் அளவுக்கு மீறிக் கனத்தாலோ தொடக் கூடாது. எல்லோரையும் விலக்கிவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும்.